ஒற்றைக் கையால் திறந்த மீன் டப்பா

என் நாத்தனார் தேசம்மாவின் புடவையில் காபி கொட்டியதுதான் முதல் அறிகுறி. டம்ளரை அவர் முன்னால் வைக்கப் போனேன். வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. டம்ளர் சாய்ந்தது. துடைக்கத் துணி எடுக்கவும் அந்தக் கை வரவில்லை.

வேண்டுமென்றே ஊற்றிவிட்டேன் என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு தடித்துக் கிடந்தது. மூடிக்கொண்டேன். நான் பதில் சொல்லாததைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு, வாசல்வரை திட்டியபடியே போய், பாடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

மாலையில் மகள் மலர் போன் செய்தாள். நான் ‘ம்’ கொட்டினேன். எப்போதுமே போனில் அவ்வளவுதான் பேசுவேன் என்பதால் அவளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதிகம் பேசாதவர்களுக்கு இந்த நோய் வந்தால், வந்ததே வெளியில் தெரியாது. இதைப் படிப்பவர்களில் என்னைப் போன்ற ஆள் யாராவது இருந்தால் சொல்கிறேன். வாய் குழறினாலோ, கை தானாக விழுந்தாலோ, பாத்திரத்தைத் தூக்கி எறிந்தாவது நாலு பேரைக் கூப்பிடுங்கள். மரியாதை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. பக்கத்துப் போர்ஷன்காரர்கள் மலருக்கும் நாத்தனாருக்கும் போன் செய்துவிட்டு, என்னை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு, உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்.

“நேத்தே வந்திருந்தா அடைப்பைக் கரைக்கிற ஊசி போடலாமான்னு பார்த்திருப்போம். முதல் சில மணி நேரம்தான் அதுக்கு. கூட இருந்தவங்க யாரும் கவனிக்கலையா?”

மலர் தன் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். “எனுக்கு இன்னா தெரியும்? அவ எப்பவும் இப்டித்தான் உம்முனு கெடப்பா.”

அந்த வார்த்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னித்தால் உடம்புக்கு நல்லது என்று ஆஸ்பத்திரிக்கு வந்த உறவுக்காரர்கள் சொன்னார்கள். ஆப்பிளும் கொடுத்தார்கள். இரண்டையுமே என்னால் அப்போது கடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கால் ஓரளவு நடந்தது. பேச்சு கொஞ்சம் திரும்ப வந்தது. வலது கை மட்டும் தோளில் தொங்கியது. நான் ஆவடிப் பக்கம் ஒரு சின்ன போர்ஷனில் தனியாக இருப்பவள். வீட்டுக்காரர் இறந்து வெகுகாலம் ஆகிறது. மலர் மாங்காட்டில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை. லீவு போட்டால் வேலை போய்விடும். அதனால் என்னைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் ஒரு பையோடு வந்து இறங்கினார். வயதில் மூத்தவர் என்பதால் ‘அவர்’ என்று எழுதுகிறேன். மனசுக்குள் அப்படிச் சொல்வதில்லை.

பார்த்துக்கொண்டார். இல்லை என்று சொல்லக்கூடாது. குளிக்க வைத்தார், தலை வாரினார், மாத்திரை கொடுத்தார். எல்லாமே, குற்றவாளியை ஜெயிலில் பார்த்துக்கொள்வது போல. நான் தன் தம்பிக்குப் பொருத்தமில்லாதவள் என்று எங்கள் கல்யாணப் பந்தலிலேயே சொன்னவர் அவர். இப்போது தினமும் அவர் கையால் எனக்குச் சோறு ஊட்டினார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மீன் வாங்கி வந்து குழம்பு வைப்பார். முள்ளை விரலால் எடுத்துவிட்டு, உருட்டி, நான் விழுங்குவதற்குள் அடுத்த உருண்டையை உதட்டில் வைத்து அழுத்துவார். “தொற வாய. எனுக்கு வேற வேல இல்ல பாரு.” இடது கையால் நானே எடுக்கப் போனால் தட்டிவிடுவார். “பீச்சாங்கையால சோறு துன்னா ஊடு உருப்புடுமா?”

மலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். நானே சமைத்து நானே சாப்பிடும் நிலைமை வந்தால் இந்த வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் போர்ஷனைக் காலி செய்துவிட்டுப் பாடியில் அத்தை வீட்டோடு போய்விட வேண்டியதுதான். அத்தையும் எத்தனை நாள் இங்கே வந்து கிடப்பார் என்றாள். பாடியில் அந்த வீட்டின் மூலையில், அந்தக் கையிலிருந்து கடைசிவரை சோறு வாங்கித் தின்பதை நினைத்துப் பார்த்தேன். பக்கவாதம் வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

பிசியோதெரபி (செயலிழந்த கை காலுக்குக் கொடுக்கும் பயிற்சி) கொடுக்கிற பெண் சின்ன வயசு, கோபக்காரி. விரலை நீட்டச் சொல்லி அதட்டுவாள். மீன் சாப்பிட வழியுண்டா என்று அவளிடம்தான் கேட்டேன். முள் எடுக்க ஒரு கை போதாதே என்றேன்.

“டின் மீன் வாங்குங்க. எங்க ஹாஸ்டல்ல அடுப்பு வைக்க விட மாட்டாங்க. மெஸ்ல சோறு வாங்கி, டின்னைப் பிரிச்சுப் போட்டு, பிசைஞ்சு சாப்டுட்டுப் படுத்துருவேன். மத்தி டின்னுல முள்ளு மெத்துனு இருக்கும், கரண்டியாலயே நசுங்கிடும். தட்டு வேணாம், கிண்ணத்துல போடுங்க. தட்டுல சோறு ஓடும். கிண்ணத்துல ஓட எடம் இருக்காது.”

ஒழுங்காக விழுங்க முடிகிறதா என்று டாக்டரிடம் பார்த்துக்கொண்ட பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொன்னாள். டாக்டர் பார்த்தார். சரி என்றார். டின்னில் உப்பு அதிகம், உனக்கு பிரஷர் இருக்கிறது, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு வெந்நீரில் அலசிப் போடு, சோற்றில் உப்பே வேண்டாம் என்றார்.

மலர் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்தாள். சந்தையில் வாங்கும் மீனைவிட அதிகச் செலவில்லை. ஒரு டின் எனக்கு இரண்டு வேளைக்கு வரும். நாத்தனார் டின்னைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். “எப்ப செத்துச்சோ, எவன் ஊட்டு மீனோ. இத்த துன்னத்தான் ஆஸ்பத்திரியில பொழச்சி வந்தியா?”

முதல் டின்னை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, மூடியில் இருந்த வளையத்தை இழுத்தேன். பாதி திறந்ததும் நழுவி, மீனும் தண்ணீரும் என் புடவை முழுக்கக் கொட்டின. நாத்தனார் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும். அன்று பழையபடி அவர் கையால்தான் சாப்பிட்டேன். உருண்டைகள் அன்று பெரிதாக இருந்தன.

அடுத்த டின்னுக்கு என் இடிகல் நினைவுக்கு வந்தது. பூண்டு, மிளகு நசுக்கும் சின்னக் கல்தான். அதன் குழியில் ஈரத்துணியைப் போட்டு டின்னை அழுத்தினால், யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல அசையாமல் நின்றது. கரண்டிக் காம்பை வளையத்துக்குள் விட்டு நெம்பி, மெதுவாக இழுத்தேன். மூடி கழன்றது. மூடி விளிம்பு கத்தி மாதிரி. விரலைத் தள்ளி வையுங்கள்.

என்னைப் போல ஒரு கைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். சோற்றை மின்சாரக் குக்கரில் குழைய விடுங்கள். சின்ன வெங்காயத்தை நறுக்க வேண்டாம். ஒரு கையால் நறுக்க வராது. தோலோடு இடிகல்லில் ஒரு தட்டு தட்டினால் தோல் தானாகக் கழன்றுவிடும். அதோடு மிளகு, ரெண்டு பல் பூண்டு, கறிவேப்பிலை சேர்த்து நசுக்குங்கள். ஈரத்துணி மேல் கிண்ணத்தை வையுங்கள். சூடான சோறு, அலசிய மீன், நசுக்கியது, ஒரு கரண்டி நல்லெண்ணெய், கொஞ்சம் புளித்தண்ணீர். கரண்டியின் முதுகால் நன்றாக மசியுங்கள். வேறு குழம்பு தேவையில்லை. ரசம் மீந்திருந்தால் அதையும் ஊற்றலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

நானே செய்து சாப்பிடுவதை மலர் பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிறு அன்று, நாத்தனார் காலையிலேயே சங்கரா மீன் குழம்பு வைத்துவிட்டார். மலர் வந்து உட்கார்ந்ததும், தட்டில் சோற்றைப் போட்டு, முள்ளோடு இரண்டு துண்டு வைத்து என் முன்னால் தள்ளினார்.

“ஊர் ஒலகத்துல எல்லாரும் துன்ற மாதிரி துன்னு காட்டு. அப்பறம் தனியா கீறேன்னு சொல்லு.”

மலர் தட்டைப் பார்த்தாள். அத்தையிடம் அவளும் எதிர்த்துப் பேசிப் பழகவில்லை. நான் எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையல் மேடைக்குப் போனேன். இடிகல்லை இழுத்தேன். குக்கரில் அவர் வைத்த சோறு இருந்தது. டின்னை வைத்து நெம்பும்போது கரண்டி வழுக்கித் தரையில் விழுந்தது. மலர் ஓடி வந்தாள்.

“உக்காரு. அவளே பண்றேன்றாள்ல? பண்ணட்டும்” என்றார் நாத்தனார். நான் தோற்பதைப் பார்க்கத்தான் சொன்னார். அவர் எனக்குச் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

குனிந்து கரண்டியை எடுக்கவே நெடுநேரம் ஆனது. கழுவினேன். மூடியை எடுத்தேன். வெங்காயம் தட்டினேன். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்பதால், மேடையருகிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையால் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டேன். மோவாயில் ஒழுகியது. பருக்கை மடியில் விழுந்தது. நாத்தனார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கிண்ணம் காலியாகும்வரை மலர் எழுந்திருக்கவில்லை.

“இருக்கட்டும் அத்தே. அம்மா இங்கியே இருக்கட்டும்” என்றாள்.

நாத்தனார் அன்று சாயங்காலமே பையைக் கட்டினார். மாத்திரை டப்பாவை எடுத்து, வேளை பிரித்து, என் இடது பக்கம் வைத்தார். குழம்பை மூடி வைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்:

“எங்கனா கல்யாணம் காட்சியில போய் அந்தக் கையால துன்னாத. எந்தம்பி மானம் பூடும்.”

அத்தனை வருஷத்தில் நான் அவருக்குத் திருப்பிச் சொன்னதில்லை. நாக்கு இன்னும் இழுத்தது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

“கதவ சாத்திக்கினு போ அண்ணி.”

சாத்திவிட்டுப் போனார். பலமாகத்தான்.

வலது கை இன்னும் சரியாகவில்லை. கட்டைவிரல் கொஞ்சம் அசைகிறது. அதன் மேல் எனக்கு அன்பெல்லாம் இல்லை. குளிப்பாட்டுகிறேன், எண்ணெய் தடவுகிறேன், பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். உடம்பில் பாதி எனக்கு இப்போது வேற்று ஆள்.

ஒரு கிண்ணம் சோறு முடிக்க மத்தியானத்தில் பாதி போகிறது. கல்யாணமான நாளிலிருந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு, அடுப்பருகில் நின்றுகொண்டே, சட்டியை வழித்துத் தின்றவள் நான். எது தொண்டையில் இறங்கியது என்றுகூடத் தெரியாது. இப்போது ஒவ்வொரு வாயும் தெரிகிறது. அதற்காக இந்த நோய்க்கு நன்றி சொல்ல வேண்டும் என்றாள் பிசியோ பெண். சொல்ல மாட்டேன். கை ஒழுங்காக இருந்தபோதே யாராவது என்னை உட்காரச் சொல்லியிருக்கலாம்.

பாதியில் சோறு ஆறிப்போகிறது. ஆறட்டும். நான் முடிப்பதற்காக இங்கே யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை.