அஷ்டமிக்கு முன்னால் மாறிய சிஸ்டம்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

புத்தாண்டன்று, உத்திரமேரூரில் நான் படிக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் ஆளுக்கொரு லட்சியம் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். "எங்கள் காலனியின் மனைப்பட்டா மனுவை நானே டைப் அடிப்பேன்" என்று எழுதினேன். சென்டர் நடத்தும் அண்ணன், "புது சிஸ்டம் போடுவேன்" என்று எழுதினார்.

மூன்று வாரம் உட்கார்ந்து முப்பத்தெட்டுக் குடும்பங்களின் பெயரையும் அடித்து முடித்தேன். திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். இன்று பிரிண்ட் எடுக்கப் போனால், மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். ஃப்ளாப்பியைப் போட்டுத் திறந்தேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை, வெறும் கட்டங்கள்.

"புச்சு சிஸ்டம்மா. அந்தப் பழைய தமிழ் ஃபாண்ட் இதுல ஏறாது" என்றார் அண்ணன்.

"திங்கக்கெயம மனு குடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்தேனேண்ணா! ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா?"

"நாளிக்கு அஷ்டமி, அப்பால நவமி. அதான் இன்னிக்கே நல்ல நேரத்துல போட்டுட்டேன்."

காலண்டரைக் கேட்டவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நின்றுகொண்டிருக்கும்போதே, சுவரில் தன் லட்சியத்துக்கு நேராகப் பச்சை மையில் டிக் போட்டார்.

மானாம்பதி, வாலாஜாபாத் பக்கம் யாரிடமாவது பழைய சிஸ்டமும் அந்தத் தமிழ் ஃபாண்டும் இருந்தால் உடனே சொல்லுங்கள். ஃப்ளாப்பியோடு நாளைக்கே வருகிறேன்.

அஷ்டமிதான். பட்டா இல்லாமலே இத்தனை வருஷம் இருந்தவர்களை அது புதிதாக என்ன செய்துவிடும்?