சுவருக்குத் தண்ணீர் விட்டது யார்?

போன மாதம் நான் எழுதிய பத்திரம் ஒன்று திரும்பி வந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து அல்ல... என் வீட்டு அடுப்படியிலிருந்து.

வாராவாரம் என்னைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒரு கரணை, ஒரு ரசமட்டம் — இவ்வளவுதான் சொத்து என்று எல்லையோரக் கிராமமான கௌதள்ளியில் பஸ் ஏறி மைசூரில் இறங்கியவன். கன்னட எழுத்தை பஸ் போர்டில் படித்தேன். இங்கிலீஷை சிமெண்ட் மூட்டையில் படித்தேன். இன்றைக்கு விஜயநகரில் நான் கட்டிய வீடுகளுக்கு எதிரில் நின்று ஜனங்கள் போட்டோ பிடிக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை... சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

வீட்டைக் கட்டத் தெரிந்தவனுக்கு வீட்டை எழுதத் தெரிய வேண்டாமா? இந்த வயதில் எனக்கு வந்த ஆசை இது.

ஆசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. என்னோடு தொழில் செய்த கான்ட்ராக்டர் ஒருவர் திடீரென்று போய்ச் சேர்ந்தார். எதையும் எழுதி வைக்கவில்லை. மகன்களுக்குள் பேச்சு முறிந்தது, வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர் மனைவியை ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் ஒரு துணிப்பை. "இந்த மாசம் பெரியவன் வீடு" என்றார். ஏதோ பஸ் நம்பர் சொல்வதைப் போலச் சொன்னார்.

எனக்கும் இரண்டு பையன்கள். ஒருவன் இங்கேயே மைசூர் ஹெப்பாளில் ஃபேக்டரி வேலை, இன்னொருவன் பெங்களூரில். நல்ல பையன்கள்தான். ஆனால் அந்தக் கான்ட்ராக்டரின் மகன்களும் நல்ல பையன்களாகத்தான் இருந்தார்கள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். நாங்கள் இருக்கிற வீட்டை என் மனைவி மாதம்மா பெயருக்குத் தானப் பத்திரமாக எழுதிவிடுவது. நான் போன பிறகு அவள் துணிப்பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கக் கூடாது. பத்திரத்தை யார் எழுதுவது? நான்தான். என் வீட்டுக்கு நான் ஒரு கொத்தனாரையே வைக்கவில்லை. பத்திர எழுத்தரையா வைப்பேன்?

கற்றுக்கொடுத்தவர் நாகரத்னா மேடம். ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எதிர் சந்தில் பத்திரம் எழுதுகிறவர். அவர் வீட்டைக் கட்டியது அடியேன் என்பதால் என்னை விரட்ட முடியவில்லை. தினமும் மதியம் சாப்பிட்டுவிட்டுப் போய் அவர் ஆபீஸ் மூலையில் உட்கார்ந்துவிடுவேன்.

அந்த மதியங்களை என்னவென்று சொல்ல... மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றும். பிரிண்டரிலிருந்து சுடச்சுடக் காகிதம் வரும், அதில் ஒரு வாசனை — வெயிலில் காய்ந்த வேட்டியின் வாசனை. மேடம் யாருக்காவது பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டுவார். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாக, சூரிய சந்திரர் உள்ளவரை ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது...' கன்னடத்தில் அது மந்திரம் மாதிரி இருக்கும். நாற்பதடி மனைக்குப் போய் சூரியனையும் சந்திரனையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள் பாருங்கள். கேட்டுக்கொண்டே கண் சொருகிவிடும்.

கண் சொருகினால் கனவு. நான் கட்டிய வீடுகள் எல்லாம் கடைக்கால் இல்லாமல் மிதக்கும். கிழக்கு வீடு மேற்கே போகும். ஒரு வீட்டின் மொட்டை மாடியிலிருந்து யாரோ துணி உலர்த்திக்கொண்டே என்னைப் பார்த்துக் கையசைப்பார்கள். யாருக்கும் எல்லை இல்லை, யாருக்கும் சண்டையும் இல்லை. விழித்தால் மேடம் யாரிடமோ ஆதார் ஜெராக்ஸ் கேட்டுக்கொண்டிருப்பார்.

சொத்தின் நாலு எல்லையை எழுதுவதற்கு செக்குபந்தி என்று பெயர். கிழக்கே யார், மேற்கே யார் என்று சொன்னால்தான் நடுவில் இருப்பது உன்னுடையது என்று ஆகும். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் யார் என்று சொல்ல, என்னைச் சுற்றி நாலு பேர் வேண்டும்... எந்தச் சாமியார் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்?

உற்சாகமாக எழுதிக் கொடுத்தேன். 'கிழக்கே நான் கட்டிய கண்டக்டர் வீடு. மேற்கே நான் கட்டாத, ஆகையால் விரிசல் விட்டுள்ள வீடு. தெற்கே நான் விலை பேசிப் படியாத காலி மனை. வடக்கே ரோடு.'

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"நோடி, இங்க பாருங்க மேஸ்திரி. இது பத்திரமா, உங்க பயோடேட்டாவா?"

கட்டினவன் பெயர் பத்திரத்தில் எங்கேயும் வராதாம். யாருக்குச் சொந்தம் என்பது மட்டும்தானாம். அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. நகரம் முழுக்கக் கை வைத்தவன் நான், ஒரு காகிதத்திலும் நான் இல்லையா?

இருந்தேன். அதே பத்திரத்தில், ஒரே ஒரு வார்த்தையில் இருந்தேன்.

சுயார்ஜிதம்.

அப்பன், பாட்டன் வழியில் வராமல் தானாகச் சம்பாதித்த சொத்துக்குச் சட்டம் வைத்திருக்கிற பெயர். அப்படிப்பட்ட சொத்தை நான் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். மகன், மருமகள் யாரும் வந்து பங்கு கேட்க முடியாது. மேடம் விளக்கி முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். என் மொத்த ஆயுளையும் ஒரே வார்த்தையில் அடக்க சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்தாவது படித்தவனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் என்ன இருக்கிறது?

வீட்டுக்கு நடந்தே போனேன். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் ஜனங்கள் வாக்கிங் போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் மேகம் கிடந்தது. சுயார்ஜிதம், சுயார்ஜிதம் என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மாதம்மாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. அதனால் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டிராஃப்டைத் தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். 'என் மனைவி மேல் உள்ள பிரியத்தாலும் விசுவாசத்தாலும்' என்ற இடம் வந்தது. தானப் பத்திரம் என்றால் அந்த வரி வந்தே ஆக வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத வார்த்தை. குரலைக் கொஞ்சம் கனைத்துக்கொண்டு தாண்டினேன். அவள் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்த மாதிரி இருந்தது.

அடுத்து வந்தது என் பட்டம். அதை நிறுத்தி, நிதானமாக, அர்த்தத்தோடு படித்தேன். அவள் கை நின்றது.

"ஏனுங்க, அதென்ன, நீங்களாவே சம்பாரிச்சதா?"

சட்டத்தில் அப்படித்தான் சொல்லுவார்கள் என்றேன்.

"இந்த வீட்டுச் செவுத்துக்குத் தண்ணி விட்டது ஆருங்க?"

நான் டிராஃப்டை மடித்தேன்.

"தண்ணி விடாத செவுரு நிக்குமாங்க? மேஸ்திரிதான நீங்க. சொல்லுங்க."

என்னத்தைச் சொல்ல? எந்த வக்கீல் கேட்டிருந்தாலும் சமாளித்திருப்பேன். இது தொழில் கேள்வி. பூசின சிமெண்டுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடாவிட்டால், சுவர் மாவாக உதிரும். நான் மற்றவர்கள் வீட்டைக் கட்டக் காலையில் போய்விடுவேன். அவள் தெருமுனைக் குழாயிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து எங்கள் சுவரில் ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகு சித்தாள் வேலைக்குப் போவாள். இது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? தெரியும். காகிதத்தில் எழுதுகிற விஷயம் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"எனக்கு உங்க தானம் வேண்டாங்க. நான் ரேகை வெக்க மாட்டன். அஷ்டே, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவரைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போனால் போகட்டும், நாம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் மேடம் தலையை ஆட்டினார்.

"ஆகாது மேஸ்திரி. குடுத்தா மட்டும் தானம் ஆகாது. வாங்கறவங்க ஒப்புக்கணும். அம்மா ஒப்பலைன்னா இது வெறும் காகிதம்."

அப்படியென்றால் உயில் எழுதிவிடுங்களேன் என்றார். உயிலா? நான் கண்ணை மூடிய பிறகு பையன்கள் அதைப் பிரித்துப் படித்து, அப்பன் நிதானத்தில்தான் எழுதினாரா என்று கோர்ட்டில் கேட்பதற்கா? எனக்கு அந்தத் துணிப்பைதான் கண் முன்னால் நின்றது. சரி, அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள் என்றேன். அது எவ்வளவு பெரிய தியாகம் என்று உங்களுக்குத் தெரியும். அதுவும் முடியாதாம். சுயார்ஜிதம் என்று இல்லாவிட்டால் நாளைக்குப் பையன்கள் பாட்டன் சொத்து என்று வந்து நிற்பார்களாம். வார்த்தை இருந்தால் மனைவி ஒப்பமாட்டாள். வார்த்தை இல்லாவிட்டால் சட்டம் காப்பாற்றாது.

அன்று மதியம் அந்த மூலை நாற்காலியில் மறுபடி கண் சொருகியது. கனவில் எங்கள் வீடு இல்லை. மனை மட்டும் இருந்தது. தரையில் சுண்ணாம்புக் கோடு, முளைக்குச்சி, நூல். சுவர் எழும்புவதற்கு முன்னால் நாங்கள் அந்தக் கோட்டுக்குள்தான் பாய் விரித்துப் படுத்திருந்தோம். 'இது ஹால்' என்பேன். 'இது அடுப்படியாக்கும்' என்பாள். இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டு, இல்லாத வாசல் வழியாகத்தான் நடப்பாள். கோட்டை மிதிக்கவே மாட்டாள். கனவிலும் அப்படித்தான் நடந்தாள். இடுப்பில் குடம். சுவரே இல்லாத இடத்தில் தண்ணீரை ஊற்றினாள், ஊற்றிய இடத்தில் சுவர் எழுந்தது. நான் எங்கே இருந்தேன் என்று தேடினேன். வெளியே, ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழித்தேன். பேனாவைக் கேட்டு வாங்கினேன்.

சுயார்ஜிதம் அங்கேயே இருக்கட்டும். அதற்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: 'இந்த மனையை வாங்கியது நான். இதன்மேல் உள்ள வீட்டை நானும், தானம் பெறுகிற என் மனைவியும் சேர்ந்து கட்டினோம். சுவர்களுக்கு அவளே தண்ணீர் விட்டாள்.'

மேடம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, இந்த வரியால் பத்திரத்துக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, மனை உங்கள் பெயரில் வாங்கியதுதானே என்றார். கட்டினவர்கள் பெயர் பத்திரத்தில் வந்து, தான் பார்த்ததே இல்லை என்றும் சொன்னார். பார்த்திருக்க முடியாது மேடம். மைசூரிலேயே இப்படி எழுதியவன் நான் ஒருவன்தான்.

சாயங்காலம் மாதம்மாவிடம் அந்த வரியை மட்டும் படித்துக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். 'எப்ப போகோணும்' என்று மட்டும் கேட்டாள்.

போன வாரம் ரிஜிஸ்டர் ஆபீஸ். போட்டோ எடுத்தார்கள், கட்டைவிரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். அதிகாரி இளம் வயது. பத்திரத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நின்று, என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு மாதம்மாவிடம் கன்னடத்தில் கேட்டார் — அம்மா, இதற்கு உங்களுக்குச் சம்மதம்தானா?

அவள் உடனே பதில் சொல்லவில்லை. எத்தனையோ சென்ட்ரிங் பிரித்திருக்கிறேன். பலகையைத் தட்டும்போது கான்கிரீட் நிற்குமா என்று பயந்ததே இல்லை. அன்று பயந்தேன். கொடுக்கிறவன் கைதான் மேலே இருக்கும் என்று ஆயுசு முழுக்க நம்பியவன், வாங்குகிறவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சம்மதம் என்றாள். கன்னடத்தில், கணீரென்று. மை தொட்டு ரேகையும் வைத்தாள்.

வெளியே வந்தோம். மரத்தடியில் நின்று, புடவைத் தலைப்பில் விரல் மையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அடுப்படியில கெழக்கால ஒரு ஜன்னல் வெக்கோணுங்க. இருட்டா கெடக்குது. நாளைக்கே ஆள் வரச் சொல்லுங்க."

ஊருக்கெல்லாம் ஜன்னல் வைத்தவன் நான். இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இத்தன வருசமா அது உங்க வீடுங்க."

ஜன்னல் வைத்தாயிற்று. காலையில் வெளிச்சம் நேராக அவள் கையில் வந்து விழுகிறது... விழாமல் என்ன, வேலை யாருடையது?