காணாமல் போன சுங்கை புரோங்

புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழக வளாகத்தில் புள்ளிவிவர ஆலோசனை சொல்லும் அந்த அக்காவை ஒரே ஒரு முறைதான் சந்தித்தேன். சிவப்புச் சட்டமிட்ட கண்ணாடி, மேசையில் ஒரு பொட்டலம் கச்சாங் கடலை. யாருடைய ஆய்வறிக்கையானாலும் முடிவைப் படிக்காமல் நடுப்பக்கத்தைத் திறப்பது அவர் வழக்கம் என்று சொல்வார்கள்.

நெல் விளைச்சலையும் மழையையும் ஒப்பிட்ட என் அறிக்கையை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். ஐந்து மணிக்குள் குழந்தையையும் காப்பகத்திலிருந்து அழைத்து வந்தாக வேண்டும். கணக்கீடும் எழுத்தும் ஒரே கணினிக் கோப்பில்தான் இருந்தன. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இடையில் வரும் அட்டவணைகளை எல்லாம் மறைத்து, கடைசி வரைபடத்தை மட்டும் விட்டிருந்தேன்.

"நடுவுல ஒண்ணையும் காணோமே, தங்கச்சி. வெக்கமா?" என்றபடி, மறைத்ததை எல்லாம் திறந்துவிட்டுக் கணக்கீட்டை முதலிலிருந்து மறுபடி ஓட்டினார். விளைச்சல், மழை ஆகிய இரண்டு பட்டியல்களையும் சேர்த்த இடத்தில் வயல்களின் எண்ணிக்கை சட்டென்று குறைந்திருந்தது.

"சுங்கை புரோங் எங்கம்மா? ஒரு ஊரே காணாமப் போயிருக்கு. போலீஸ்ல சொல்லிட்டியா?"

விளைச்சல் பட்டியலில் 'புரோங்', மழைப் பட்டியலில் 'புருங்' என்று எழுதியிருந்தேன். பெயர் பொருந்தாததால் கணினி அந்த ஊரைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டது. திருத்தியதும், மழைக்கும் விளைச்சலுக்கும் பெரிய தொடர்பு என்று நான் பெருமைப்பட்ட முடிவு பாதியாகச் சுருங்கியது.

"இனிமே இந்த அட்டவணைய மறைச்சிடலாமா அக்கா?" என்று அப்போதும் கேட்டேன்.

"வேணாம் லா, இருக்கட்டும். நான் எல்லாத்தையும் மறைச்சுத்தான் முனைவர் பட்டமே வாங்கினேன். அதுல எத்தனை ஊரு காணாமப் போச்சோ, எனக்கே தெரியாது."

அவர் சிரித்தார், நானும் சிரித்து வைத்தேன். அது கேலியா, ஒப்புதல் வாக்குமூலமா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.