அறுத்துக் கட்டிய கயிறு

ஐ.சி.யூ. வார்டில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். படிப்பு எட்டாவது. உடம்பு துடைப்பது, படுக்கை மாற்றுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது என் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

முருகன், திருவண்ணாமலை பக்கத்து அடி அண்ணாமலை ஊர்ப் பையன். இருபத்து நாலு வயது. செங்கம் ரோட்டில் பைக்கோடு விழுந்து தலையில் அடி. மூச்சு மிஷினில் இருந்தான். அவன் அம்மா கிரிவலப் பாதையில் எலுமிச்சை ஜூஸ் விற்கிறவர்.

மூளைச்சாவா என்று பார்க்க இரண்டு டெஸ்ட். நடுவில் ஆறு மணி நேரம். இரண்டும் முடிந்த பிறகுதான் உறுப்பு தானம் பற்றி வீட்டாரிடம் பேச வேண்டும்.

காலையில் முதல் டெஸ்ட் முடிந்தது. தேறாது என்று காதில் விழுந்தது. உடம்பு துடைக்கும்போது பழக்கத்தில் கத்தரியை எடுத்து அவன் அரைஞாண் கயிற்றை அறுத்துவிட்டேன். செத்தவர்களுக்குத்தான் அதை அறுப்பது.

அம்மா பார்க்க வந்தார். கயிறு ட்ரேயில் கிடந்தது.

"யாருடா அறுத்தது? எம்புள்ள நெஞ்சு ஏறி எறங்குது, உனுக்குக் கண்ணு இல்லியா?"

கூட வந்த தாய்மாமன் என் சட்டையைப் பிடித்தார். "இன்னாய்யா அவசரம்? பஸ்ஸு புடிக்கணுமா? உறுப்ப எடுக்கத்தானே இதெல்லாம்?"

தானம் பற்றி வீட்டாரிடம் பேசுகிற கோஆர்டினேட்டர் மேடம் என்னை வெளியே இழுத்துவந்தார். "இனிமே நான் கேட்டா குடுப்பாங்களா? நீ அந்தப் பக்கமே போகாதப்பா."

ஆனாலும் அம்மாவிடம் போனேன். "தப்பு என்னுதும்மா. டாக்டர் யாரும் சொல்லல. இன்னொரு டெஸ்ட் இருக்குது. அதுவரைக்கும் உங்க புள்ளைய நான் பாத்துக்கறேன்."

அம்மா ட்ரேயில் கிடந்த கயிற்றை எடுத்து நீட்டினார். "கட்டு" என்றார்.

முடிச்சுப் போட்டுத் திரும்பக் கட்டினேன். ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. டெஸ்ட் எடுக்கிற லேடி டாக்டரிடம் கேட்டேன்.

"மேடம், ரெண்டாவது டெஸ்ட்ட அந்தம்மா பாக்கட்டும்."

"அதெல்லாம் வழக்கமில்லப்பா."

"வழக்கமில்லாதத நான் காலையிலயே செஞ்சிட்டேன் மேடம்."

 டாக்டர் சரி என்றார்.

இரண்டாவது டெஸ்டில், தானாக மூச்சு விடுகிறானா என்று பார்க்க மூச்சு மிஷினைக் கழற்றினார்கள். அம்மா மகன் நெஞ்சில் கை வைத்து நின்றார். "மூச்ச வுடுடா கண்ணு" என்று ஒரு தடவை சொன்னார். சில நிமிஷம். நெஞ்சு அசையவில்லை. கையை எடுத்துக்கொண்டார். டெஸ்ட் முடிந்ததும் மிஷினைத் திரும்ப மாட்டினார்கள்.

பக்கத்து ரூமில் கோஆர்டினேட்டர் மேடம் தானம் பற்றி மெதுவாகக் கேட்டார். நான் வாசலில் நின்றேன். மாமன் எழுந்தார். "அக்கா, இவனுங்கள நம்பாத. காலைல கயித்த அறுத்தவனுங்க."

"அறுத்தவன்தான் கட்டினான். இவ்ளோ நேரம் கூடவே நின்னான். நானே கை வெச்சுப் பாத்துட்டேன், உட்காரு." மேடத்திடம் திரும்பினார். "எடுத்துக்கங்க. கயித்த மட்டும் நான் அறுக்கறேன்."

படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக் கத்தரியைக் கொடுத்தேன். என் முடிச்சு இருந்த இடத்திலேயே அறுத்தார். கயிற்றை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அதன் பிறகு நான் யாருக்கும் அந்தக் கயிற்றை அறுத்ததில்லை. வீட்டார் கேட்கும்போது கத்தரியை எடுத்துக் கொடுப்பேன். அதுவரை கத்தரி என் சட்டைப் பையில் இருக்கும். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.