பெரியப்பாவின் காரும் அம்மாவின் தலையணையும்

"அந்தக் காலத்துக் கார் மாதிரி வருமா, இப்ப வர்றதெல்லாம் வெறும் தகரம்" என்று யாராவது என் காதுபடச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் எங்கள் தெருக்காரர் ஒருவர் தன் புதுக் காரைக் கொண்டுபோய் மதகுச் சுவரில் மோதிவிட்டார். நசுங்கிப்போன முன்பக்கத்தைத் தடவித் தடவிப் புலம்பிக்கொண்டிருந்தார். "பழைய வண்டியா இருந்தா சுவருதாங்க போயிருக்கும்" என்றார். உங்களுக்கு ஏதாவது அடியா என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, பெல்ட் போட்டிருந்தேன்" என்றார். அப்புறம் என்ன ஒப்பாரி என்று கேட்டுவிட்டு வந்தேன். மனிதர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

நசுங்கட்டும் என்றுதான் இப்போது காருக்கு முன்பக்கத்தைச் செய்கிறார்கள். இடியை அது வாங்கிக்கொண்டால் உள்ளே இருப்பவனுக்கு வராது. கண்ணாடி உடைந்தால் கல்கண்டு மாதிரி உதிர்கிறது. ஸ்டீயரிங் தண்டு நெஞ்சில் குத்தாமல் மடங்கிக்கொள்கிறது. பை ஒன்று எங்கிருந்தோ புஸ்ஸென்று ஊதிக்கொண்டு வந்து முகத்தைத் தாங்குகிறது. இதையெல்லாம் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்தார்கள், அவர்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆனால் காரைக்காலில், எழுபதுகளின் கடைசியில், இதையே கேட்டு ஒருத்தி தன்னந்தனியாகச் சண்டை போட்டாள். அவள் என் அம்மா.

கார் பெரியப்பாவுடையது. பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபோது யாரோ ஒரு துரை விற்றுவிட்டுப் போன கறுப்புக் கார், கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்தது. பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சனோடு திரும்பியவர். எல்லோரையும் காரில் ஏற்றும்போது "அலோன்! அலோன்!" என்று விரட்டுவார். கிளம்பலாம் என்று அர்த்தமாம். அந்தக் காரில் துணி என்று பார்த்தால் சீட்டு மட்டும்தான். மற்றதெல்லாம் இரும்பு. டேஷ்போர்டு இரும்பு, அதில் நீட்டிக்கொண்டிருந்த குமிழ்கள் இரும்பு, கதவுப் பிடி இரும்பு. பெல்ட் என்றால் எங்களுக்கு இடுப்பில் கால்சட்டைக்குப் போடுவது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு அந்தக் காரில் போய் இறங்கும்போது, பெரியப்பா வீடும் எங்கள் வீடும் சேர்ந்த அந்தக் கூட்டுக்குடும்பத்துக்கே ஒரு மிதப்பு வரும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

ஒருமுறை வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் உட்கார்ந்தால் அம்மாவுக்கு வாந்தி வரும், அதனால் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் அவள். பின்னால் அப்பாவும் பெரியம்மாவும், பெரியம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டு நான். போலகம் பக்கம் வரும்போது கன்றுக்குட்டி ஒன்று துள்ளிக் குறுக்கே வந்தது. பெரியப்பா வண்டியை ஒடித்தார். கார் சாலையோரப் புளியமரத்தில் போய் முட்டியது. அப்படியொன்றும் வேகமில்லை, சைக்கிள்காரன் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் போகிற வேகம்தான். நான் உருண்டு சீட்டுகளுக்கு இடையே விழுந்து நெற்றியில் புடைப்போடு எழுந்தேன். அம்மாவின் முகம் டேஷ்போர்டில் போய் மோதியிருந்தது. முன்பல் மூன்று போய்விட்டது. தாடை எலும்பு முறிந்து, அம்மா வாயைத் திறக்க முடியாமல் கண்ணை மட்டும் அகலத் திறந்துகொண்டிருந்தாள். அப்பாவின் வெள்ளைத் துண்டு நனைந்து சிவந்தது.

வயலில் இருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி உட்காரவைத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அடுத்த நிமிடம் எல்லோருடைய கையும் காரின் மேல் இருந்தது. "என்னா வண்டிங்க இது! பம்பர்ல ஒரு கீறல், அவ்வளவுதான். மரம்தான் பொளந்துருக்கு பாருங்க!" என்று ஒருவர் கூவினார். பெரியப்பாவுக்கு ஸ்டீயரிங் நெஞ்சில் இடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலைமையிலும் உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினார். கார் உடனே உறுமியது. "பாத்தியாடா!" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அந்தக் காரிலேயேதான் அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தவர்கள் போனவர்கள் எல்லோருக்கும் மரத்தைப் பிளந்த கார் காட்டப்பட்டது. பெரியப்பா பம்பரின் கீறலுக்குச் சாயம்கூடப் பூசவில்லை, பட்டாளத்துக்காரர் காயத் தழும்பைக் காட்டுவது போல அதைக் காட்டினார். "தம்பி சம்சாரத்துக்குத்தான் கொஞ்சம் பல்லுல அடி" என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வார். அந்தத் தம்பி சம்சாரம் கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் குடித்துக்கொண்டு உள்ளே படுத்திருந்தாள். பெரியப்பா கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர்தான் பார்த்தார், தினமும் ஆரஞ்சு வாங்கிவந்து கொடுத்தார். ஆனால் அந்தக் கார்மேல் குற்றம் சொல்ல யாருக்காவது வாய் வருமா?

அம்மாவுக்கு வந்தது, பல் போன வாயிலிருந்தே வந்தது. தாடை கூடிய பிறகு ஒருநாள் மத்தியானம் அவள் கொட்டகைக்குப் போய்க் காரில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். முகத்துக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் கையை நீட்டி முழம் போட்டுப் பார்த்தாள். ஒரு முழம்தான் இருந்தது. இறங்கி வந்து, பழைய மெத்தையைப் பிரித்து இலவம்பஞ்சை எடுத்து, டேஷ்போர்டு நீளத்துக்கு ஒரு தலையணை தைத்தாள். சிவப்புப் பூப்போட்ட ஜன்னல் திரைத் துணி. கட்டுவதற்கு நாலு பக்கமும் நாடா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது காரில் இருந்தது.

பெரியப்பாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "மெத்தை போட்டு ஓட்டுறதுக்கு இது என்ன தொட்டிலா?" என்று அவிழ்த்து எறிந்தார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தம்பி மனைவி மூத்தவர் முகத்தைப் பார்த்து நேராகப் பேசக் கூடாது. எதிரே அவர் நின்றாலும் வேறு யாரிடமாவது சொல்வது போலத்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு நான் அகப்பட்டேன். "தொட்டில்னாலும் சரி, தேர்னாலும் சரி, தலகாணி இல்லாம நம்ம ரெண்டு பேரும் ஏற மாட்டோம்னு உன் பெரியப்பாகிட்ட சொல்லு" என்பாள். பெரியப்பா இரண்டடி தள்ளி நிற்பார். நான் திரும்பி அவரிடம் ஒப்பிப்பேன். "இந்த வண்டில உயிருக்கு ஒண்ணும் வராதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார். அதையும் ஒப்பிப்பேன். அவள் கட்டுவதும் அவர் அவிழ்ப்பதுமாக வாரக்கணக்கில் நடந்தது. அப்பா அந்த நேரங்களில் எல்லாம் எதையோ தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார். தெருப்பையன்கள் "காருக்குக் காய்ச்சலாடி, படுக்க வச்சிருக்கீங்களா?" என்று என்னைக் கேலி செய்தார்கள். எனக்கு மானம் போயிற்று. மற்ற வீட்டு அம்மாக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார்களே, என் அம்மா மட்டும் ஏன் இப்படி என்று அழுகை வரும்.

அப்போதுதான் எனக்குப் புதுநன்மை வந்தது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன், முக்காடு, தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுவத்தி. முதல்நாள் சாயங்காலமே பெரியப்பா காரைக் கழுவித் துடைத்து, மல்லிகைச் சரமும் வெள்ளை ரிப்பனும் கட்டிவிட்டார். "நாளைக்கு முன் சீட்டு உனக்குத்தான், ஊரே பாக்கட்டும்" என்றார். எனக்கு இரவெல்லாம் அந்த நினைப்புத்தான்.

காலையில் நான் காருக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது, அம்மா பட்டுப்புடவையோடு தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சிவப்புப் பூத்துணியை மாற்றியிருந்தாள். என் கவுன் தைத்து மீந்த வெள்ளை சாட்டினில் புது உறை, ஓரத்தில் சுருக்கு வைத்த லேஸ். காரின் ரிப்பனுக்கு அவ்வளவு பொருத்தம். அவள் பங்குக்கு அவள் இறங்கி வந்திருந்தாள் என்றே சொல்ல வேண்டும்.

பெரியப்பா கதவில் கை வைத்து மறித்துக்கொண்டார். "இன்னிக்கு வேணாம். நல்ல நாளு. எல்லாரும் சிரிப்பாங்கன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்று என்னிடம் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள். என்னைப் பார்த்து இல்லை, அப்பாவைப் பார்த்து இல்லை. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து, அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபிறகு முதல்முறையாக, நேராகப் பேசினாள்.

"அன்னிக்கு அந்த இடிய உங்க வண்டி வாங்கிக்கலங்க. நான் வாங்கிக்கிட்டேன். எம் பொண்ணு வாங்கிக்க வேணாம்."

பெரியம்மா "மாதாவே!" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பெரியப்பா கதவில் இருந்து கையை எடுக்கவில்லை. அம்மா தலையணையை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறு கையால் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அந்த நடை எனக்கு மறக்காது. முன்னால் பட்டுப்புடவையில் தலையணையோடு அம்மா. பக்கத்தில் கிரீடமும் முக்காடுமாக விசும்பிக்கொண்டு நான். புது ஷூ குதிகாலைக் கடித்தது. பின்னால் பெரியம்மாவும் அப்பாவும் ஏறியிருந்த பூ கட்டிய கார், எங்களைத் தாண்டியும் போக முடியாமல், நிற்கவும் முடியாமல் ஊர்ந்துவந்தது. தாண்டினால் புதுநன்மைப் பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்டுப் போனார் என்று ஊர் பேசும். பெரியப்பா ஆரன் அடித்தார். அம்மா திரும்பவில்லை. மறுபடி அடித்தார். அவள் இன்னும் கொஞ்சம் நடுத்தெருவுக்கு ஏறி நடந்தாள். வாசல்களில் எல்லாம் தலைகள் முளைத்தன.

கிளிஞ்சல்மேட்டில் இருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் எதிரே வந்தார். கூடையைத் தலையில் இருந்து இறக்காமலே நின்று, எங்களையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னாம்மா இது, இம்மாம்பெரிய காரு பின்னாடி வருது, புள்ளயக் கால் நோவ நடக்க வுடுற? காருக்கு என்னா வந்துச்சு?"

அம்மா நின்றாள். "காருக்கு ஒண்ணும் வரலைக்கா" என்று சொல்லி, வாயை நன்றாகத் திறந்து காட்டினாள். "பாத்துக்க."

அந்த அக்கா பார்த்தார். அம்மாவின் வாயைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து காருக்குள் இருந்த பெரியப்பாவைப் பார்த்தார். கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டார். கார் பக்கத்தில்தான் வந்து நின்றிருந்தது, கண்ணாடியும் இறங்கித்தான் இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் உறுமல் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கார் தெருவோரம் அப்படியே நின்றது. பெரியப்பா கோட்டும் சூட்டுமாக, நெற்றியில் வேர்வை வழிய, எங்களுக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பெரியம்மா, அதற்கும் பின்னால் அப்பா. ஐயோ பாவம், இன்றைக்குப் பார்த்துக் கார் ரிப்பேராகிவிட்டதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. மரத்தையே பிளந்த கார்! அம்மாவிடம் சொன்னேன். அவள் என் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, "பேசாம வா" என்றாள்.

புதுநன்மை வாங்கும்போது கேட்பது நிச்சயம் கிடைக்கும் என்று ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் என்ன கேட்பது என்று பல நாளாக யோசித்து, புதுச் சைக்கிள் என்று முடிவு செய்திருந்தேன். நாக்கில் நன்மை வந்து உட்கார்ந்ததும் சைக்கிள் மறந்துபோயிற்று. சேசுவே, பெரியப்பா காரை எப்படியாவது சரிபண்ணிக் கொடு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டேன்.

பூசை முடிந்து கார் நின்ற இடத்துக்கு வந்தோம். பெரியப்பா அம்மாவைப் பார்க்காமல் கையை நீட்டினார். அம்மா தலையணையைக் கொடுத்தாள். அவர் குனிந்து, நாடாக்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினார். என்னைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தார். பிறகு சாவியைத் திருப்பினார். கார் உடனே கிளம்பியது.

"நான் வேண்டிக்கிட்டேன்! அதான் சரியாயிடுச்சு!" என்று கத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. அப்பா வெளியே வேடிக்கை பார்த்தார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாண்டா கண்ணு, சரியாயிடுச்சு" என்றார் பெரியப்பா.

அன்று விருந்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் என் வேண்டுதலின் மகிமையைச் சொன்னேன். அப்படி என்னதான் ரிப்பேர் என்று கேட்டவர்களை எல்லாம் பெரியப்பாவிடம் அனுப்பினேன். அவர் மட்டும் அதைக் கடைசிவரை சொல்லவே இல்லை.