மாமியாருக்கு உப்புநீர்

கைகள் சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்தன. ஒரு விரல் அதைச் சுண்ட, கடைசிக் காற்றுக்குமிழியும் மேலேறி வெளியே போனது. பிறகு அதை ரப்பர் பையின் வாயில் பொருத்தி நிதானமாக அழுத்தின. பை பலூன்போல உப்பியது. அதன்மேல் ஓர் எண் மட்டும் எழுதிய சீட்டு. உள்ளே இருப்பது வலி தெரியாமல் மரக்கவைக்கும் மரப்பு மருந்தா, வெறும் உப்புநீரா என்பது அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரரான மருந்தாளுநருக்குத்தான் தெரியும்.

குடல் ஆபரேஷன் ஆனவர்களுக்கு மரப்பு மருந்தை எந்த வழியில் கொடுத்தால் வலி குறையும் என்று டாக்டர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலாப்பக்கம் ஒரே ஊசியா, இந்தப் பையிலிருந்து, தையலுக்கு அடியில் செருகிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாகவா? எல்லாருக்கும் இரண்டும் உண்டு. ஒன்றில்தான் மருந்து, மற்றதில் உப்புநீர். நோயாளிக்கோ நர்சுக்கோ வித்தியாசம் தெரியாமல் தயாரிப்பதில் மருந்தாளுநர் கைதேர்ந்தவர். வீட்டில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. கல்யாணமான நாள் முதல் மாமியாருக்கு அவர் பாட்டில் கழுவுகிறவர்தான்.

அந்த மாமியாரே ஆபரேஷனுக்கு வந்து, ஒப்பீட்டுக்கும் சம்மதித்தார். குலுக்கலில் அவருக்கு ஊசியில் மருந்து, குழாயில் உப்புநீர் என்று விழுந்தது. வேறு யாராவது கலக்கட்டும் என்று மருந்தாளுநர் கேட்டுப் பார்த்தார். ஆள் இல்லை, நீங்களே கலக்குங்கள், வாயை மட்டும் திறக்காதீர்கள் என்றுவிட்டார் மேலதிகாரி.

முதல் நாள் வலியே இல்லை. மாமியார் வயிற்றில் இருந்த குழாயையும் மாப்பிள்ளை நிரப்பிய பையையும் பார்த்தார், முடிவுக்கு வந்துவிட்டார். எல்லாம் எங்கள் மாப்பிள்ளை கைராசி என்று கட்டில் கட்டிலாகச் சேதி போனது. விலாவில் ஊசி போட்ட மயக்க டாக்டருக்குக் கிடைத்தது, வீணாகக் குத்தினார் என்று திட்டு. இத்தனை வருஷத்தில் வாங்கிய ஒரே நல்ல பெயர் உப்புநீருக்கு. மருந்தாளுநரால் அதை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மறுநாள் ஊசியின் வேகம் அடங்கியது. பத்துக்கு எத்தனை வலி என்று நர்ஸ் கேட்டபோது, போர்வையை முறுக்கிப் பிடித்தபடி மாமியார் "ஜீரோ" என்றார். நம்பர் ஏறினால்தான் கூடுதல் மருந்து. ஊரெல்லாம் புகழ்ந்த வாயால் எப்படி நம்பர் சொல்வது? இருமக்கூட முடியாமல் சளி நெஞ்சில் கட்டத் தொடங்கியது. மனைவி மருந்தறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அம்மா பொய் சொல்றாங்க. உங்க மானத்தைக் காப்பாத்துறாங்களாம்."

அன்றைய பையை நிரப்பி முடித்து அவரே வார்டுக்கு எடுத்துப்போனார். உள்ளதைச் சொன்னால் ஒப்பீடு கெட்டுப்போகும். சும்மா இருந்தால் மாமியார் படாத பாடு படுவார். விட்டுக்கொடுக்க மிச்சமிருந்தது தன் பெயர் ஒன்றுதான்.

நர்ஸ் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டார்: "வலி எவ்வளவு அத்தை?"

"உங்க கை பட்டபிறகு வலி ஏது மாப்பிள்ளை?"

"என் கைக்கு அவ்வளவு ராசியெல்லாம் கிடையாது அத்தை. இத்தனை வருஷமா நீங்க சொன்னதுதான் சரி."

மாமியார் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்காம சொல்லலாமா?"

"நர்சுக்குக் கேட்டா போதும்."

"எட்டு," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அதுவும் உங்களுக்காகக் குறைச்சுத்தான் சொல்றேன்."

நர்ஸ் முதலில் வலி மருந்தை ஏற்றினாள். அப்புறம் பைக்காகக் கையை நீட்டினாள். எண் மட்டும் எழுதிய சீட்டு மேலே தெரியும்படி, மருந்தாளுநர் பையை அவளிடம் ஒப்படைத்தார்.