வித்வான்கள் குடியிருந்த அறை

போன வாரம் அக்கா பெண் என்னைத் தி.நகரில் ஒரு காப்பிக் கடைக்கு அழைத்துப் போனாள். கடை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். கஃபேயாம். சுவரெல்லாம் இசைத்தட்டுகளை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பாட்டுப் புத்தக அட்டைகள், மஞ்சள் பூத்த கச்சேரி நோட்டீஸ்கள். காப்பி வந்தது. டம்ளரை வைக்கப் போனால், நேர் கீழே சீட்டுக்கட்டு அளவில் ஒரு சின்ன அட்டை. ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட வயலின் வித்வான் ஒருவர் அதிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சித்தி கையிலயே வெச்சுண்டிருக்கே? சுடலையா?"

"இவர் தலைமேல எப்படிடி வைக்கறது?"

அவள் சிரித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மனிதரோடு நான் பல வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரு காலத்தில் ஏதோ ஒரு காப்பித்தூள் கம்பெனி, பொட்டலத்துக்குள் வித்வான்கள் படம் போட்ட அட்டைகளை வைத்து விற்றதாம். முன்பக்கம் படம், பின்பக்கம் அவருக்குப் பிடித்த ராகம். பொட்டலத்துக்கு ஒன்று. எந்த வித்வான் வருவார் என்று பிரித்தால்தான் தெரியும். என் மாமனார் வீட்டில் அந்த ஒரு வருஷம் காப்பி குடித்தே எல்லாருக்கும் வயிறு கெட்டதாகச் சொல்வார்கள். அந்த அட்டைகளைச் சேர்க்க ஆரம்பித்த பிள்ளைக்குத்தான் பிற்பாடு என்னைக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள்.

சங்கீதத்தில் பைத்தியமான மாப்பிள்ளை என்று சொன்னபோது எனக்கு உள்ளூர சந்தோஷம். டிசம்பரில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சபா சபாவாகப் போகலாம், கேன்டீனில் போண்டா சாப்பிடலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அபிராமபுரத்தில் அந்த மாடிப் போர்ஷனுக்குள் வலது காலை எடுத்து வைத்தபோதுதான் தெரிந்தது, எனக்கு முன்னாலேயே அங்கே ஒரு பெரிய குடும்பம் குடியேறியிருந்தது. ரேழியின் இரண்டு பக்கமும் பாட்டுப் புத்தகக் கட்டுகள். கூடத்தில் இசைத்தட்டு உறைகள். குழாய் வைத்த கிராமபோன் ஒன்று. ஊசி டப்பாக்கள் மட்டும் ஒரு அலமாரி நிறைய. நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்க ஒரு மாதத்தில் பழகிக்கொண்டேன். பின்னால் இருந்த பெரிய அறையை அவர் 'ரூம்' என்று மட்டும் சொல்வார். கோயிலுக்குள் கர்ப்பக்கிரகம் மாதிரி.

அந்த அறைக்கு ஒரு வாசனை உண்டு. பாச்சை உருண்டை, பழைய காகிதம், அந்தக் காலத்துத் தட்டுகளின் அரக்கு. இன்றைக்கும் எங்காவது பாச்சை உருண்டை வாசனை அடித்தால் என் தோள்கள் தாமாக ஒடுங்கிக்கொள்கின்றன.

அவர் கெட்டவர் இல்லை. குரல் உயர்த்த மாட்டார். ஆபீஸ் விட்டால் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கௌஸ் பாய் கடை. பாய் ராயப்பேட்டையில் பழைய தட்டு, பழைய கிராமபோன் வாங்கி விற்பவர். இவருக்கு ஒரே சிநேகிதரும் அவர்தான். ஆனால் இத்தனை தட்டும் பாடிக் கேட்டதில்லை. கேட்டால், "ஊசி பட்டா தேஞ்சுடும்" என்பார். ஜன்னலையும் திறக்கக் கூடாது. வெயில் பட்டால் அட்டை வெளுக்கும், கடற்காற்று பட்டால் பூஞ்சை பிடிக்கும். பின்னறையின் ஜன்னலையே மறைத்து அலமாரி போட்டிருந்தார்.

"நமக்கு மூச்சு முட்டறதே, அதுக்கு என்ன பண்றது?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"ஃபேனைப் போட்டுக்கோயேன்" என்றார், நிஜமான அக்கறையோடு.

அடிக்கிறார் என்று அப்பாவிடம் சொல்லலாம். குடிக்கிறார் என்று சொல்லலாம். வித்வான்கள் படம் சேர்க்கிறார் என்று எப்படிப் புகார் சொல்வது?

ஒரு மே மாதம். வடாம் பிழிய மாவு கிளறி வைத்திருந்தேன். மொட்டை மாடியில் விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட் பின்னறைப் பரணில் இருந்தது. அன்றைக்குக் காலையில்தான் பாயிடமிருந்து அவருக்குச் செய்தி வந்திருந்தது. காப்பித்தூள் வரிசையில் இவரிடம் இல்லாத ஒரே ஒருவர், கஞ்சிரா வித்வான், கிடைத்துவிட்டாராம். இவர் பாதி இட்லியில் எழுந்து ஓடினார். எங்கள் வாசல் கதவு இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். சாவி அவர் சட்டைப்பையில் போயிற்று.

பரண் கதவுக்கு மேலே. கதவைச் சாத்தினால்தான் ஸ்டூல் போட முடியும். சாத்தினேன், ஏறினேன், ஷீட்டைப் பிடித்து இழுத்தேன். அதன் மறுமுனை பக்கத்து மர அலமாரியின் உச்சியில் மாட்டியிருந்தது எனக்குத் தெரியாது. அலமாரியின் கால்களைச் செல் அரித்திருந்ததும் தெரியாது. அது மெல்லச் சாய்ந்தது. நான் ஸ்டூலிலிருந்து குதித்து மூலையில் ஒட்டிக்கொண்டேன். கதவுக்கும் எதிரே இருந்த இரும்பு பீரோவுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி அலமாரி இறுகி நின்றது. அதிலிருந்த தட்டுகள் எல்லாம் சரிந்து கதவின் மேல் குவிந்தன. உட்பக்கம் திறக்கிற கதவு. ஒரு விரல் அளவு அசைந்தது, அவ்வளவுதான்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அலமாரியை அசைத்துப் பார்த்தேன். நாலு ஆள் தூக்கி வைத்த அலமாரி, என் பேச்சைக் கேட்குமா? அப்புறம் கரண்ட் போயிற்று. ஃபேன் மெதுவாக நின்றது. அந்த இருட்டில், அந்த வாசனையில், இத்தனை வருஷமும் நான் இப்படித்தானே இருந்தேன் என்று தோன்றியது பாருங்கள், அப்போதுதான் பயம் வந்தது.

ஜன்னலை மறைத்த அலமாரியிலிருந்து கட்டுக் கட்டாக இறக்கினேன். காலியானதும் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஜன்னல் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. அங்கே கிடந்த பழைய கிராமபோன் கைப்பிடி ஒன்றால் தட்டித் தட்டி ஒரு கதவைத் திறந்தேன். வெயில் முகத்தில் அடித்தது. கம்பிக்கு வெளியே, கீழே, இஸ்திரி வண்டி செல்வி. தினம் எங்கள் துணியைத் தேய்க்கிறவள்.

"செல்வி! செல்வி!"

அவள் எங்கெங்கோ பார்த்துவிட்டு அண்ணாந்தாள். "இன்னாக்கா! அங்க ஒரு ஜன்னலு கீதா?"

மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். மேலே ஓடி வந்து வாசல் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நின்றாள். "பூட்டிகினு கீதுக்கா. ஒடைச்சிரட்டா?"

வேண்டாம், அவர் வந்துவிடுவார் என்றேன். அப்போதும் பாருங்கள், கதவு உடைந்தால் அவர் என்ன சொல்வாரோ என்றுதான் எனக்கு. "நா இங்கியே நின்னுகினு பாத்துக்கிறேன், நீ பயப்படாத" என்றாள். ஒவ்வொரு சட்டை மடித்து முடித்ததும் அண்ணாந்து பார்ப்பாள். நான் கம்பிக்கு உள்ளே இருந்து கையை ஆட்டுவேன்.

உட்கார்ந்து அட்டைகளைப் பார்த்தேன். அதுவரை ஒன்றைக் கூடக் கையில் எடுத்ததில்லை. நாகஸ்வரக்காரர் ஒருவர், கடம் வாசிக்கிற ஒருவர், மூக்குத்தி மின்ன ஒரு பாட்டுக்கார அம்மாள். அழகாகத்தான் இருந்தார்கள். தொண்டை வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாளிடம், "நீங்களாவது ஒரு நாள் வெளியே போனதுண்டா?" என்று கேட்டேன். பைத்தியம் பிடிப்பது அப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது.

வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். கூடவே கௌஸ் பாயும். அட்டை கிடைத்த சந்தோஷத்தில் பாயைக் காப்பிக்கு அழைத்து வந்திருக்கிறார். செல்வி தெருவிலேயே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பேரும் படியேறி ஓடி வரும் சத்தம் கேட்டது. இவர் கதவைத் தள்ளினார். இடுக்கில் தட்டுகள் உரசின.

"தள்ளாதீங்கோ, எல்லாம் கதவு மேலதான் கெடக்கு" என்றேன்.

"அரக்குத் தட்டா?"

"ஆமாம்."

கதவு அசைவது நின்றது. அப்புறம் அவர் குரல், ரொம்ப மெதுவாக: "பதறாதே. ஒண்ணொண்ணா எடுத்து அந்தண்ட வை. ஓரத்தைப் பிடிச்சு எடு. கை அழுத்தினாலே விரிசல் விடும்."

எனக்குப் பதில் வரவில்லை. வீம்பு இல்லை. வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தா. கேக்கறதா? இந்தா."

"சாமி" என்றார் கௌஸ் பாய். "உள்ள இருக்கிறது உங்க வீட்டுக்காரம்மா. காலையிலேர்ந்து தண்ணிகூட இல்லாம கெடக்குறாங்க. நீங்க இன்னா பேசிகினு இருக்கீங்க?"

இவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து 'இந்தா'தான். பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான். இரண்டு தரம் கூப்பிட்டார். எனக்கு அழுகை முட்டியதே தவிர சத்தம் வரவில்லை. நான் மயங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார். சமையலறைப் பக்கம் ஓடும் காலடி கேட்டது.

அம்மிக் குழவியால் கதவின் கீழ்ப்பலகையை இடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு இடிக்கும் கதவை ஒட்டிக் கிடந்த தட்டுகள் உடைந்தன. அரக்குத் தட்டு உடையும் சத்தம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி இருக்கும். எந்தத் தட்டு எந்த வரிசையில் இருந்தது என்று தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்கிற மனுஷன். எது போகிறது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? "நான் இடிக்கிறேன், குடுங்க" என்று பாய் கேட்டார். இவர் கொடுக்கவில்லை.

பலகை பிளந்தது. கருப்புச் சில்லுகளை இரண்டு கையாலும் வாரி வாரிப் பின்னால் போட்டார். அலமாரிக்கு அடியில் தவழ்ந்து, அந்த ஓட்டை வழியாக வெளியே வந்தேன். பின்னாலேயே ஏறி வந்திருந்த செல்வி சொம்புத் தண்ணீரை என் வாயருகில் பிடித்தாள். இவர் கையெல்லாம் ரத்தம். வேர்வையில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பையிலிருந்து கஞ்சிரா வித்வானை எடுத்தார். கூழாகிப் போயிருந்தார். அதை ஒரு பார்வை பார்த்து, சமையல் மேடையில் வைத்துவிட்டு, பாய்க்குக் காப்பி கலக்க அடுப்பைப் பற்ற வைத்தார். பற்றவே இல்லை, குச்சிகள் ரத்த ஈரத்தில் நமத்துப் போயின.

மறுநாள் நான் நங்கநல்லூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அவரே ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார். "ஜன்னலைச் சாத்தலை. தெறந்தேதான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். அன்பினால் திரும்பினேன் என்று எழுத ஆசை. அக்கா வீட்டில் ஒன்றரை அறை, ஐந்து பேர். எங்கே போவது? அதுவும்தான் காரணம். ஆனால் அவர் அந்தச் சொல்லை மீறவில்லை. அந்த ஐப்பசி மழையில் சாரல் உள்ளே அடித்தது. அட்டைகள் உப்பின, பூஞ்சை பூத்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், எழுந்து சாத்தவில்லை. பொறுக்க முடியாமல் நான்தான் எழுந்து சாத்தினேன். மழைக்காலம் முழுக்க நானே சாத்தினேன். யார் யாரிடம் மாட்டிக்கொண்டோம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வருஷங்கள் ஓடின. கௌஸ் பாய் போனார். செல்வியின் வண்டிக்கு நிழல் தந்த மரத்தை வெட்டி நடைபாதை போட்டார்கள். அவள் மகனோடு எங்கேயோ போய்விட்டாள். வீட்டுச் சொந்தக்காரர் அடுக்குமாடி கட்ட இடத்தைப் புரமோட்டரிடம் கொடுத்தார். நாங்கள் அடையாறில் சின்ன ஃப்ளாட் பார்த்தோம். மிச்சமிருந்த சேகரிப்பை எல்லாம் அவரே ஒருவரிடம் கொடுத்து வேன் ஏற்றினார். நான் கொடுக்கச் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை.

வேன் போன பிறகு அவரைக் காணவில்லை. பின்னறைக்குப் போனேன். நடு அறையில் நின்றுகொண்டிருந்தார். தரையில் அலமாரிகள் இருந்த இடமெல்லாம் வெளிர் கட்டங்கள். அவர் ஒரு முறை கையைத் தட்டினார். எதிரொலித்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது இவ்ளோ பெரிய ரூமாடி?" என்றார்.

நாங்கள் இருவரும் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நேராக நடந்து பார்த்தோம். கையை வீசிக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவராக இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில். அடுத்த மாதம் அந்த வீட்டை இடித்தார்கள். இப்போது அங்கே ஐந்து மாடி நிற்கிறது. அந்த அறை இருந்த உயரத்தில் யாருடைய படுக்கையறை இருக்கிறதோ, தெரியவில்லை. அவரும் போய் நாலு வருஷமாகிறது.